கோடிக்கணக்கில் ஆலை, கையிலே வாளி!

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது ஊரறிந்த உண்மை. எண்ணெய் மேலே மிதக்கும். தண்ணீர் கீழே நிற்கும். குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் வழித்தெடுக்கத் தெரியாத தாய்மார்கள் தமிழ்நாட்டில் இல்லை. இயற்கை செய்து கொடுத்திருக்கும் இந்தச் சௌகரியத்தைப் பயன்படுத்தி, கடலிலும் ஆற்றிலும் கொட்டிவிட்ட எண்ணெயை மேலாகவே வழித்து உறிஞ்சும் மிதவைப் பம்புகளை மனித அறிவு எப்போதோ உருவாக்கிவிட்டது. ஸ்கிம்மர் என்று அவற்றுக்குப் பெயர். எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் துறைமுக நிர்வாகங்களுக்கும் இந்தப் பெயர் புதிதல்ல.

ஆனால், சென்னைக்கு வடக்கே, துறைமுகமும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் அனல் மின் நிலையங்களும் நெருக்கியடித்து நிற்கும் எண்ணூர் வட்டாரத்தில், 2017-லும் 2023-லும் எண்ணெய் கொட்டியபோது ஜனங்களின் கையில் இருந்த ஆயுதம் எது? வாளி! குவளை! கோடிக்கணக்கான ரூபாய் செலவில் எழுப்பப்பட்ட தொழில்களின் வாசலில், இருபத்தோராம் நூற்றாண்டில், மனிதன் குனிந்து கையால் கரி எண்ணெயை மொண்டு கொண்டிருந்தான். இந்தக் காட்சியை நாடே பார்த்தது. பார்த்து அனுதாபப்பட்டது. பிறகு மறந்துவிட்டது.

நாம் மறப்பதற்கில்லை. ஏனெனில் இது வெறும் விபத்தின் கதையல்ல. யாருடைய சொத்துக்கு யந்திரம் காவல் நிற்கிறது, யாருடைய கடலுக்கு வாளி போதும் என்று முடிவு கட்டப்படுகிறது என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

நடந்தது என்ன?

2017 ஜனவரி 28-ந் தேதி விடியற்காலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, சரக்கை இறக்கிவிட்டுப் புறப்பட்ட 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பலும், உள்ளே வந்துகொண்டிருந்த 'டான் காஞ்சிபுரம்' என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. காஞ்சிபுரம் கப்பலிலிருந்து கனமான பர்னஸ் ஆயில் கடலில் கொட்டியது. துறைமுக நிர்வாகம் முதலில் சொன்னது என்ன? எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்பதே! கரையில் கரும்பசை திரளத் தொடங்கிய பிறகு கணக்கு மாறியது. முதலில் சில டன் என்றார்கள். நாளாக ஆக அது நூற்றுக்கணக்கான டன் ஆயிற்று. எர்ணாவூர்க் கரையில் பாறைகளின் இடுக்கில் எண்ணெய் அடை அடையாகத் தேங்கியது. தெற்கே மெரினா வரையில், அதற்கு அப்பாலும், அதன் கறை சென்றது.

அந்தப் பசையை எடுக்க, சாக்கடை அடைப்பை உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்தார்கள். சாக்கடைத் தண்ணீருக்காகச் செய்யப்பட்ட குழாய், தார் போல் இறுகிய எண்ணெயை எப்படி இழுக்கும்? அது தண்ணீரை இழுத்தது, எண்ணெயை விட்டுவிட்டது, அடைத்துக்கொண்டது. கடைசியில் மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் துப்புரவுத் தொழிலாளர்களும் வரிசையில் நின்று வாளி வாளியாகக் கைமாற்றினார்கள். அவர்களுடைய உழைப்புக்கும் நல்ல மனத்துக்கும் நாம் தலைவணங்குகிறோம். ஆனால் ஜனங்களின் தியாகத்தைப் புகழ்ந்து பேசியே பொறுப்பாளிகள் தப்பிவிடக் கூடாது.

ஆறாண்டுகள் கழிந்தன. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் 'மிக்ஜாம்' புயல் சென்னையைப் பெருமழையில் மூழ்கடித்தது. மணலியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, எண்ணூர்க் கழிமுகத்தை நிரப்பியது. சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்திலிருந்துதான் எண்ணெய் வெளியேறியது என்பதையும், அங்கே மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதுமானதாக இல்லை என்பதையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் எடுத்துரைத்தது. காட்டுக்குப்பம், சிவன்படைவீதிக் குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம் ஆகிய ஊர்களில் வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் எண்ணெய் அப்பியது. கூழைக்கடாக்கள் சிறகு ஒட்டிப் பறக்க முடியாமல் நின்றன. கழியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்த பறியில் போட்டு வயிறு வளர்க்கும் இருளர் சமூகத்துப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தண்ணீரில் இறங்கவே வழியில்லாமல் போயிற்று.

மறுபடியும் வாளி! மறுபடியும் குவளை! மீனவர்கள் தங்கள் சொந்தப் படகில் ஏறி, எந்தப் படகில் மீன் பிடித்தார்களோ அதே படகில் எண்ணெயை மொண்டார்கள். பலருக்குக் கண் எரிச்சல், தலைவலி, தோலில் அரிப்பு. ஒரு வாரம் கழிந்த பிறகுதான், தீர்ப்பாயம் கண்டித்த பிறகுதான், வேலை சூடுபிடித்தது. மும்பையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்களும் சாதனங்களும் வரவழைக்கப்பட்டன. ஆலை இருப்பது மணலியில். எண்ணெய் கொட்டியது எண்ணூரில். இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். ஆனால் எண்ணெயை எடுக்கும் யந்திரம் வர வேண்டியது மும்பையிலிருந்து! எண்ணெய் வரும் பாதை ஆலைக்குத் தெரியாதா? கால்வாய் எங்கே போகிறது என்று வரைபடத்தில் இல்லையா?

யந்திரம் எப்படி வேலை செய்கிறது?

இது பெரிய மந்திர வித்தையல்ல. உழைக்கும் மக்கள் எவருக்கும் எளிதில் விளங்கக் கூடியது.

முதலாவது வகை, வழிந்தோடும் மிதவை. மிதவைகளின் நடுவே ஒரு கிண்ணம் பொருத்தப்பட்டிருக்கும். கிண்ணத்தின் விளிம்பு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே, எண்ணெய்ப் படலம் மட்டும் வழிந்து உள்ளே விழும்படி நிற்கும். விழுந்த எண்ணெயைப் பம்பு உறிஞ்சிக் குழாய் வழியாகத் தொட்டிக்கு அனுப்பும். அமைதியான நீரில் இது நன்றாக வேலை செய்யும். அலை எழும்பினால் எண்ணெயைவிடத் தண்ணீரையே அதிகம் விழுங்கும்.

இரண்டாவது வகை, எண்ணெய் ஒட்டிக்கொள்ளும் பொருளால் ஆன வட்டு, உருளை, தூரிகை அல்லது கயிறு. அது மிதவையில் சுழலும். எண்ணெய் அதில் ஒட்டும், தண்ணீர் ஒட்டாது. மேலே வரும்போது ஒரு வழிப்புத் தகடு அதைச் சுரண்டித் தொட்டியில் தள்ளும். இதில் தண்ணீர் குறைவாகவே சேரும். இறுகிய பர்னஸ் ஆயிலுக்குத் தூரிகை போன்ற வகையும், கனத்த குழம்பைத் திருகித் தள்ளும் பம்பும் வேண்டும். வேகமாகச் சுழன்று வீசும் சாதாரணத் தண்ணீர்ப் பம்பு எண்ணெயையும் நீரையும் கடைந்து இன்னும் மோசமாகக் கலந்துவிடும்.

யந்திரம் மட்டும் போதாது. எண்ணெய் பரவாமல் வளைத்துப் பிடிக்க மிதவைத் தடுப்பு வேண்டும். படலம் தடிமனாக இருந்தால்தான் பம்புக்கு வேலை. எடுத்த எண்ணெயை வைக்கத் தொட்டி வேண்டும். தொட்டி நிரம்பினால் யந்திரம் நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று வேண்டும். அதுதான் நேரம். கொட்டிய எண்ணெய் காத்திருப்பதில்லை. மெல்லிய படலமாகப் பரவிக்கொண்டே போகும். அலை கடைந்துவிட்டால் அது தண்ணீரை உட்கொண்டு பழுப்புநிறக் கூழாகும். அந்தக் கூழில் முக்கால் பங்குக்குமேல் தண்ணீர் இருக்கலாம். கொட்டிய எண்ணெயின் அளவு மூன்று, நான்கு மடங்காகப் பெருகிவிடும். எந்தப் பம்பும் இழுக்கத் திணறும் அளவுக்கு இறுகும். ஆகவே முதல் சில மணி நேரத்தில் இறக்கப்படும் ஒரு யந்திரம், ஒரு வாரம் கழித்து வரும் பத்து யந்திரங்களை விட மேலானது. இங்கேதான் பிரச்சினையின் உயிர்நாடி இருக்கிறது. யந்திரம் உலகில் உண்டா என்பதல்ல கேள்வி. எண்ணெய் விழுவதற்கு முன்பே அது அந்த இடத்தில் இருந்ததா என்பதே கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

எண்ணெய்க் கசிவுப் பேரிடருக்கான தேசியத் திட்டம் 1996-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. கடலோரக் காவல் படை அதை ஒருங்கிணைக்கும் அமைப்பு. அந்தத் திட்டப்படி 700 டன் வரையிலான கசிவு முதல் படியைச் சேர்ந்தது. அதைச் சமாளிக்கத் தேவையான சாதனங்களையும் ஆட்களையும் துறைமுகங்களும், எண்ணெயைக் கையாளும் நிறுவனங்களுமே வைத்திருக்க வேண்டும். 2017-ல் எண்ணூரில் கொட்டியதாகச் சொல்லப்பட்ட அதிகபட்சக் கணக்கும் இந்த அளவுக்குள்தான் அடங்குகிறது. அதாவது, அது சட்டத்தின் கண்ணில் மகா பேரிடர் அல்ல. துறைமுகம் தன் சொந்தப் பலத்தில் சமாளித்திருக்க வேண்டிய முதல் படி விபத்து! முதல் படியிலேயே மாணவர்கள் கையில் வாளி கொடுக்க நேர்ந்தது என்றால், காகிதத்தில் இருந்த திட்டம் கரைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

ஏன் வரவில்லை? காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு மிதவைப் பம்பு ஆண்டு முழுவதும் கிடங்கில் சும்மா கிடக்கும். அதற்குப் பராமரிப்புச் செலவு, இயக்கத் தெரிந்த ஆளுக்குச் சம்பளம், மாதந்தோறும் ஒத்திகை. லாபக் கணக்குப் பார்ப்பவனுக்கு இதெல்லாம் வீண் செலவு. விபத்து நடந்தாலோ, எண்ணெய் அள்ள வரும் ஏழைகளின் கை எப்போதும் மலிவு. நாசமாகும் வலையும் இறாலும் நண்டும் கழிமுகமும் கம்பெனியின் ஐந்தொகையில் ஏறுவதே இல்லை. யந்திரத்தின் விலையை விட மனிதனின் கூலி குறைவாக இருக்கும் வரையில் முதலாளித்துவம் மனிதனைத்தான் உபயோகிக்கும். சுரங்கத்திலும் சாக்கடையிலும் நாம் கண்ட அதே நியதி, எண்ணூர்க் கரையிலும் வேலை செய்தது.

அமெரிக்காவிலும் இதே கதை!

"இது ஏழை நாட்டின் நிலை, முன்னேறிய நாடுகளில் இப்படி நடக்காது" என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் அலாஸ்காவைப் பார்க்கட்டும்.

1989 மார்ச் 24-ந் தேதி நள்ளிரவு தாண்டி, 'எக்ஸான் வால்டீஸ்' என்ற கப்பல் பாறைத்திட்டில் மோதியது. ஏறத்தாழ 37,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. எண்ணெய்க் கம்பெனிகளின் கூட்டு நிறுவனமான அலியெஸ்கா, கசிவு நடந்தால் ஐந்து மணி நேரத்தில் சாதனங்களோடு வந்துவிடுவோம் என்று திட்டத்தில் எழுதிக் கொடுத்திருந்தது. நடந்தது என்ன? சாதனங்களைச் சுமக்க வேண்டிய தெப்பக்கப்பல் பழுதுபார்க்க நிறுத்தப்பட்டிருந்தது. சாதனங்கள் கரையில் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலான பிறகே உதவி போய்ச் சேர்ந்தது. கசிவுக்கென்று தனியாக வைத்திருந்த முழுநேரத் தொழிலாளர் குழுவை 1980-களின் தொடக்கத்திலேயே சிக்கனத்தின் பெயரால் கலைத்துவிட்டிருந்தார்கள்! முதல் மூன்று நாட்கள் கடல் அமைதியாக இருந்தது. அந்தப் பொன்னான நேரம் வீணாயிற்று. பிறகு புயல் வந்தது. எண்ணெய் நூற்றுக்கணக்கான மைல் கரையில் அப்பியது.

இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2010 ஏப்ரல் 20-ல், மெக்சிகோ வளைகுடாவில் பி.பி. கம்பெனிக்காகக் கிணறு தோண்டிய 'டீப்வாட்டர் ஹொரைசன்' மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் மாண்டனர். 87 நாட்கள் எண்ணெய் பீறிட்டது. அதில் ஸ்கிம்மர்களால் எடுக்கப்பட்டது எவ்வளவு தெரியுமா? அமெரிக்க அரசின் கணக்குப்படியே நூற்றுக்குச் சுமார் மூன்று பங்குதான்! கடலின் ஆழத்தைத் துளைக்கக் கோடி கோடியாகக் கொட்டிய கம்பெனிகள், எண்ணெயை வழித்தெடுக்கும் கலையில் எவ்வளவு பின்தங்கியிருந்தன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அடுத்த ஆண்டே, 2011-ல், இதற்கென்று ஒரு பரிசுப் போட்டி நடத்தப்பட்டது. நியூ ஜெர்சியில் உள்ள சோதனைத் தொட்டியில் நடந்த அந்தப் போட்டியில், வரிவரியாகப் பள்ளம் வெட்டிய சுழலும் வட்டுகளைக் கொண்ட ஒரு யந்திரம் நிமிடத்துக்கு 17,600 லிட்டருக்கு மேல் எண்ணெயை எடுத்து வென்றது. அதுவரை தொழிலில் சிறப்பாகக் கருதப்பட்ட வேகத்தைப் போல் இது சுமார் நான்கு மடங்கு. ஓராண்டு முனைந்தவுடன் அறிவு நான்கு மடங்கு பாய்ந்தது! அப்படியானால் அலாஸ்காவிலிருந்து அன்று வரையில் இந்தப் பாய்ச்சலைத் தடுத்தது எது? மனித மூளையின் குறையா? இல்லை. லாபம் தராத அறிவில் முதல் போட மூலதனத்துக்கு மனமில்லை; அவ்வளவுதான்.

அதே அலாஸ்காவில் நாம் கற்க வேண்டிய இன்னொரு பாடமும் உண்டு. 1989 நாசத்துக்குப் பிறகு எழுந்த மக்களின் ஆத்திரத்தின் முன்னால், 1990-ல் புதிய சட்டம் வந்தது. எண்ணெய்க் கம்பெனிகளைக் கண்காணிக்க மீனவர்களும் உள்ளூர் மக்களும் அங்கம் வகிக்கும் குழு ஏற்பட்டது. அதன் செலவைக் கம்பெனிகளே தர வேண்டியதாயிற்று. நூற்றுக்கணக்கான மீன்பிடிப் படகுகள் ஒப்பந்தம் செய்யப்பட்டு, ஆண்டுதோறும் மீனவர்களுக்கு ஸ்கிம்மரையும் தடுப்பையும் இயக்கப் பயிற்சி தரப்படுகிறது. பயிற்சிக்குக் கூலி உண்டு. இது எந்தக் கம்பெனியும் தானாக முன்வந்து கொடுத்த தானமல்ல. மக்கள் பெற்ற வெற்றி.

சில ஆட்சேபங்களுக்குப் பதில்

"யந்திரம் இருந்தாலும் திறந்த கடலில் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் எடுக்க முடிவதில்லையே" என்று நிபுணர்கள் கூறுகிறார்கள். உண்மைதான். நாம் அதை மறுக்கவில்லை. மிதவைப் பம்பு சஞ்சீவி மூலிகையல்ல. எண்ணெய் கொட்டாமல் காப்பதே முதல் வேலை. ஆனால் எண்ணூரில் 2023-ல் எண்ணெய் வந்த வழி திறந்த கடலா? ஒரு கால்வாய், ஓர் ஆறு, ஒரு கழி. குறுகிய கால்வாயின் குறுக்கே தடுப்பை இழுத்துக் கட்டி, அதன் முன்னால் பம்பை மிதக்க விடுவதற்கு இதைவிடத் தோதான இடம் வேறு ஏது? வெள்ளத்தின் வேகம் அதிகமாக இருந்த முதல் நாள் அது கடினம் என்றே வைத்துக்கொள்வோம். வெள்ளம் வடிந்த மறுநாளும் அதற்கு மறுநாளும் என்ன தடை இருந்தது?

"புயல் இயற்கையின் செயல்" என்பது இன்னொரு வாதம். மழை இயற்கையின் செயல். ஆலைக்குள் எண்ணெயையும் மழைநீரையும் பிரித்து நிறுத்தாமல் விட்டது மனிதனின் செயல். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் தேதி சொல்லி வருகிறது. 2015 வெள்ளத்தைக் கண்ட சென்னையில், பெருமழை வரும் என்று எதிர்பார்க்கவில்லை என எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது.

"சி.பி.சி.எல். பொதுத்துறை ஆயிற்றே, அதை நீங்கள் தாக்கலாமா?" என்றும் கேட்பார்கள். பொதுத்துறையைத் தனியாருக்கு விற்கும் கொள்கையை நாம் எதிர்க்கிறோம்; இனியும் எதிர்ப்போம். அதனால்தான் இந்தக் கேள்வியை இன்னும் உரத்த குரலில் கேட்கிறோம். ஜனங்களின் பணத்தில் எழுந்த ஆலை, ஜனங்களின் ஆற்றைக் கெடுத்துவிட்டுத் தனியார் கம்பெனியைப் போல் கைவிரிக்குமானால், பொதுத்துறையின் எதிரிகளுக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. நாகூர் பட்டினச்சேரியில் 2023 மார்ச் மாதம் இதே நிறுவனத்தின் குழாயிலிருந்து கச்சா எண்ணெய் கடலில் கசிந்தது. அந்த ஊர் மீனவர்கள் ஒன்றுபட்டுப் போராடி, குழாயையே அகற்ற வேண்டும் என்று நின்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் எண்ணூர்! ஒரே ஆண்டில் இரண்டு கரைகள்!

நிவாரணம் நியாயம் ஆகுமா?

எண்ணூர் நாசத்துக்கு மாநில அரசு அறிவித்த நிவாரணம், பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு ரூ.12,500, படகு ஒன்றுக்கு ரூ.10,000. பசித்த வயிற்றுக்கு இது உதவியது என்பதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எண்ணெய் ஊறிய வலையைத் துவைத்து மீண்டும் வீச முடியாது. அலையாத்தி மரத்தின் வேரில் அப்பிய எண்ணெயை எந்தப் பம்பும் உறிஞ்ச முடியாது. எண்ணூர் மீன் என்றால் வாங்குவோர் தயங்குகிற நிலை ஏற்பட்டால், அதன் நஷ்டம் ஒரு மாதத்தோடு முடியாது. விபத்துக்குப் பிறகு வீசப்படும் ஆயிரங்கள், விபத்துக்கு முன் செலவிடாமல் மிச்சம் பிடித்த லட்சங்களின் சில்லறைதான்.

ஆகவே நாம் கோருவது என்ன?

ஒன்று: மணலியிலிருந்து கடல் வரையிலான நீர்வழியில், கால்வாய் ஆற்றோடு கலக்கும் இடத்திலும் கழிமுகத்திலும், மிதவைத் தடுப்புகளும் அந்த இடத்தின் நீருக்கும் எண்ணெய்க்கும் பொருத்தமான மிதவைப் பம்புகளும் தொட்டிகளும் நிரந்தரமாக நிறுத்தப்பட வேண்டும். செலவு, எண்ணெயைக் கையாளும் நிறுவனங்களுடையது.

இரண்டு: அவற்றை இயக்கும் வேலையில் எண்ணூர், காசிமேடு, பழவேற்காடு மீனவ இளைஞர்களுக்கும் இருளர் மக்களுக்கும் பயிற்சி தந்து, ஆண்டு முழுவதற்கும் கூலி நிர்ணயித்து அமர்த்த வேண்டும். நீரோட்டத்தையும் வெள்ளப்போக்கையும் அவர்களைவிட அறிந்தவர் யாரும் இல்லை.

மூன்று: கையுறையும் முகக்கவசமும் மருத்துவப் பரிசோதனையும் இல்லாமல் எவரையும் எண்ணெயில் இறக்குவது குற்றமாக்கப்பட வேண்டும்.

நான்கு: பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் பகிரங்க ஒத்திகை நடத்த வேண்டும். எந்தப் பம்பு ஓடுகிறது, எது துருப்பிடித்துக் கிடக்கிறது என்பதை மீனவர் சங்கங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஐந்து: மீனவர்கள், ஆலைத் தொழிலாளர்கள், விஞ்ஞானிகள் அங்கம் வகிக்கும் கண்காணிப்புக் குழுவுக்குச் சட்ட அதிகாரம் வேண்டும். கசிவின் அளவைக் கம்பெனி சொல்லி நாம் கேட்கும் நிலை ஒழிய வேண்டும்.

இவற்றில் எதுவும் ஆகாத காரியமல்ல. நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் பம்பு செய்யத் தெரியும். கோவைத் தொழிலாளிகள் நாடெங்கும் ஓடும் பம்புகளைச் செய்கிறார்கள். அவர்களுடைய கையும், ஐ.ஐ.டி.யின் மூளையும், எண்ணூர் மீனவனின் அனுபவமும் ஒன்று சேர்ந்தால், நம் கழிகளுக்கும் நம் கடலுக்கும் ஏற்ற மிதவைப் பம்பை இங்கேயே உருவாக்கலாம்.

தோழர்களே! ஆலைக்குள் வேலை செய்யும் தொழிலாளியும் ஆற்றில் வலை வீசும் மீனவனும் ஒருவருக்கொருவர் எதிரிகள் அல்ல. எண்ணெய்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்பதை முதலில் அறிபவன் தொழிலாளி. ஒழுகியது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை முதலில் காண்பவன் மீனவன். இந்த இருவரும் ஒரே மேடையில் நின்று கணக்குக் கேட்கும் நாளில் எந்த நிர்வாகமும் "கசிவே இல்லை" என்று சொல்லத் துணியாது. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத் தொழிற்சங்கங்களும் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்துகளும் அடுத்த பருவமழைக்கு முன்பே கூட்டுக் கூட்டங்களை நடத்தி, இந்த ஐந்து கோரிக்கைகளையும் நிர்வாகத்தின் மேஜையில் வைக்க வேண்டும். எண்ணெய் மறுபடி விழும்வரை காத்திருக்க வேண்டாம்!